மடிப்பக்கா விருந்தாளியான கதை

“மூணு தடவை சொல்லிட்ட. மூணு தடவையும் இதுதான் கடைசின்னு சொன்ன. கடைசிக்கு ஒரு கடைசி வேண்டாமா?”

தையல்காரர் இதைக் கத்தியபோது அவர் உதட்டிடுக்கில் நான்கு குண்டூசிகள் இருந்தன. கத்தலில் ஒன்றுகூட உதிரவில்லை. அது இருபத்தைந்து வருடத் தொழில் கொடுத்த சாமர்த்தியம். அவருக்கு முன்னால் முக்காலிமேல் கூரியர்காரர் ஒருவர் நின்றிருந்தார். புதுக் கால்சட்டையின் உயரத்தைக் குறைக்க வந்தவர். ஒரு காலுக்கு ஊசி குத்தியாகிவிட்டது, மறு கால் பாக்கி. இறங்கவும் முடியாது, காதைப் பொத்திக்கொள்ளவும் முடியாது. பொத்திக்கொள்ளும் எண்ணமும் அவருக்கு இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் அந்தச் சண்டை ஒரு வரி குறையாமல் தெரு முழுக்கப் பட்டுவாடா ஆனதற்கு அவருடைய தொழில் நேர்மைதான் காரணம்.

உள்ளறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்த மனைவி, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நிலைப்படிக்கு வந்தாள்.

“இதுதான் நிஜக் கடைசி.”

“போன தடவையும் அப்படித்தான் சொன்ன.”

“போன தடவை இந்த மேனேஜர் இல்லை.”

“மேனேஜர் வருவாங்க, போவாங்க. எனக்கு அண்ணன் ஒருத்தர்தான். மாசக் கடைசிக்குள்ள முடிவு சொல்லுன்னு நேத்தும் போன் பண்ணினாரு. கடையில பாதி இடத்தைத் தையலுக்குன்னு எனக்காகக் காலியா வச்சிருக்காரு. எத்தனை நாளைக்கு வச்சிருப்பாரு?”

“பத்தொன்பது வருஷம் காத்திருந்தவளுக்கு இன்னும் பதினஞ்சு நாள் குடுக்க மாட்டீங்களா?”

“காத்திருந்து என்னத்தைக் கண்ட? வந்தவன் போனவன் எல்லாம் உன் தலைக்கு மேல ஏறி உக்காந்தாச்சு. நீ அவங்களுக்கும் சேத்து மெத்தை விரிக்கிற.”

கூரியர்காரர் மெல்ல, “அந்த இன்னொரு காலு…” என்றார்.

“அசையாதீங்க சார்,” என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த வீட்டில் அன்று இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஏதோ ஓர் அட்டையில் பத்திரமாக இருக்கிறது. தெருவுக்கு அவள் மடிப்பக்கா. கையில் எது அகப்பட்டாலும் மடித்துவிடுவாள். பேருந்துச் சீட்டு நாலாக மடியும். காய்கறி வாங்கிய பை முக்கோணமாக மடியும். பக்கத்து வீட்டுக்காரியை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனவள், நோயாளியை ஒருபக்கமாக உருட்டி, விரிப்பை இழுத்துச் செருகி, திரும்ப உருட்டிப் படுக்கவைத்துவிட்டுத்தான் எப்படி இருக்கே என்று கேட்டாள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். அறுவைச் சிகிச்சையைவிட அதுதான் வலித்ததாம்.

பெரிய சாலையில் நான்கு மாடி ஹோட்டல் ஒன்று இருந்தது. அதில் மூன்றாம் மாடி அறைகளைச் சுத்தம் செய்து, விரிப்பு மாற்றி வைப்பது மடிப்பக்காவின் வேலை. மற்றவர்கள் ஓர் அறையை இருபது நிமிடத்தில் முடித்து அடுத்த கதவைத் தட்டும்போது, இவள் முப்பது நிமிடம் எடுத்துக்கொள்வாள். விரிப்பை உதறும்போதே அது எந்த ஓரத்தில் நைந்திருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். மெத்தையின் கால்மாட்டில் துணியின் மூலையைத் தூக்கி, ஒரு மடிப்பு மடித்து, உள்ளங்கையைக் கத்திபோல் நீட்டிச் செருகுவாள். கண்ணாடிக்கு நேரே நின்று பார்க்கமாட்டாள். சுவரை ஒட்டி நின்று சாய்வாகப் பார்ப்பாள். துடைத்த தடம் அப்போதுதான் தெரியும். எல்லாம் முடிந்தபின் கதவருகே நின்று, கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுப்பாள். சோப்பு வாசம் அடித்தாலும் அவளுக்கு ஆகாது. நேற்று இங்கே ஒருவர் இருந்தார், இன்று ஒருவர் கழுவினார் என்ற இரண்டுமே வருகிறவருக்குத் தெரியக்கூடாது என்பது அவள் கட்சி.

தங்கியிருப்பவர்கள் வெளியே போன நேரத்தில் அவர்களைப் படிப்பதில் அவளுக்குத் தனி ருசி. தெருவில் இதைச் செய்தால் வம்பு என்பார்கள். ஹோட்டலில் செய்தால் உபசாரம். ஒரு தலையணை தரையில் கிடந்தால் மறுநாள் கட்டிலில் ஒரே தலையணைதான் இருக்கும். மாத்திரை அட்டை இடப்பக்க மேசையில் இருந்தால் தண்ணீர்க் குடுவை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் வந்துவிடும். இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, செய்யச் சொல்லவும் இல்லை. பதினெட்டு பேர் தங்கிப்போனால் அதில் ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்த்திருக்கமாட்டார்.

பிறகு ஏன் மேலே ஏறவில்லை என்றால், அதற்கு அவளேதான் காரணம் என்பது தையல்காரரின் கட்சி. முதல் தடவை மாடி மேற்பார்வை வேலை காலியானபோது பழைய மேனேஜரின் மைத்துனிக்குக் கொடுத்தார்கள். அது உலக வழக்கம், விட்டுவிடலாம். இரண்டாம் தடவை, ஹோட்டல் படிப்புப் படித்த ஓர் இளைஞன் வந்தான். சட்டம் போட்ட சான்றிதழைத் தன் மேசைக்கு மேலே மாட்டியதால் அவனுக்கு சர்டிபிகேட் என்றே பெயராகிவிட்டது. இரண்டாம் மாடி அவன் பொறுப்பு. மூன்றாம் தடவைதான் அநியாயம். ஹோட்டலில் குறைச்சீட்டு என்று ஒன்று உண்டு. குழாய் ஒழுகினால், பல்பு போனால், எழுதிக் கீழே அனுப்பவேண்டும். மூன்றாம் மாடியிலிருந்து வருடக்கணக்காக ஒரு சீட்டும் வருவதில்லை, அங்கே எதற்கு மேற்பார்வை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். சீட்டு வராததற்குக் காரணம், குழாய் ஒழுகினால் மடிப்பக்காவே முடுக்கிவிடுவதுதான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் தையல்காரர் வாக்கு வாங்கிக்கொண்டார். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலையை விட்டுவிட்டு அண்ணன் ஊருக்குப் போய்விடவேண்டும். அவளும் சரி என்றாள். வாக்கு கொடுத்து நாலு வருடமாகிறது. இப்போது நான்கு மாடிக்கும் பொறுப்பான தலைமைப் பதவியே காலியாகியிருந்தது.

புது மேனேஜர் முப்பத்திரண்டு வயதுப் பெண். வந்த மாதமே பழைய விருந்தினர் கடிதங்களை உட்கார்ந்து படித்தவர். திரும்பி வருகிறவர்களில் பாதிப் பேர் மூன்றாம் மாடிதான் வேண்டும் என்று ஏன் கேட்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. விசாரித்து, மடிப்பக்காவின் பெயரையும் போட்டியில் சேர்த்துக்கொண்டார். போட்டி இரண்டே பேருக்குள்: அவளும் சர்டிபிகேட்டும். தேர்வும் புது மாதிரி. குடும்பத்தோடு ஒரு நாள் மத்தியானத்திலிருந்து மறுநாள் மத்தியானம்வரை ஹோட்டலில் விருந்தாளியாகத் தங்கவேண்டும். அறையில் கண்ட குறைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கவேண்டும். ஒருவர் மாடியில் மற்றவர் தங்கவேண்டும் என்பது ஏற்பாடு. மடிப்பக்காவுக்கு இரண்டாம் மாடியில் 212.

“உனக்கு எழுதவே வராதே,” என்றார் தையல்காரர். கூரியர்காரர் கிளம்பிப் போயிருந்தார்; ஆனாலும் வாசல் பக்கம் நாலைந்து பேருக்கு ஏதோ வேலை இருந்தது.

“எழுத வரும். எழுத நேரம் இருந்ததில்லை.”

அப்போதுதான் நாத்தனார் வேலையிலிருந்து வந்தாள். தையல்காரரின் தங்கை, முப்பத்தாறு வயது, பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்து நாள் முழுக்க ஆயிரம் பேருக்கு ஒரே பதிலைச் சொல்பவள். அதனால் வீட்டில் யாரும் எதையும் இரண்டு முறை கேட்கக்கூடாது. கல்யாணப் பேச்சை எடுத்தவர்களை அடுத்த ஜன்னலுக்குப் போகச் சொல்லியே இத்தனை வருடம் ஓட்டிவிட்டாள். சண்டையில் காலையில் அண்ணன் பக்கமும் சாயங்காலம் அண்ணி பக்கமும் இருப்பாள். இரண்டு பக்கமும் காபி கிடைக்கவேண்டும் அல்லவா.

விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். “குடும்பத்தோடன்னா, நானும் உண்டுதானே அண்ணி?”

உண்டு என்று தெரிந்ததும் தீர்ப்பு சொல்லிவிட்டாள். “அண்ணே, ஒரு நாள்தானே. போயிட்டு வருவோம். பெரியண்ணன் கடை அதுக்குள்ள ஓடியா போயிடும்?”

தையல்காரர் ஊசிகளை உதட்டிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டார். அவர் வீட்டில் வெள்ளைக் கொடி அதுதான். “இதுல வரலைன்னா மறுநாளே மூட்டை கட்டணும். இவ சாட்சி.”

“கட்டறேன்,” என்றாள் மடிப்பக்கா. “ஆனா வரும்.”

அவர்கள் ஹோட்டலுக்குப் போன நாள் நல்ல மழை. மூவரும் ஒரே குடையில் பாதி பாதியாக நனைந்து போய்ச் சேர்ந்தார்கள். பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக அவள் முன்வாசல் வழியாக அந்தக் கட்டடத்துக்குள் போனாள். வரவேற்பில் இருந்த பெண் வழக்கம்போல “அக்கா” என்று ஆரம்பித்து, பிறகு நினைவு வந்து “மேடம்” என்றாள். மடிப்பக்கா காலை மிதியடியில் எட்டு தடவை துடைத்துவிட்டு நடந்தாள்.

212-க்குள் போனதும் நாத்தனார் கட்டிலில் விழப்போனாள். “இரு,” என்று ஒரு கை அவளை நடுவழியில் நிறுத்தியது. இன்னொரு கை தலையணையைத் தூக்கி, அதன் அடியிலிருந்து ஒரு நீள முடியை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டது. “இப்ப படு.”

பிறகு நடந்ததெல்லாம் அவள் யோசித்துச் செய்ததில்லை. அதைத்தான் தெருவில் இன்னும் சிலர் நம்ப மறுக்கிறார்கள். டீ கொண்டுவரச் சொன்னார்கள். டீ வைத்த மேசை ஆடியது. ஒரு காகிதத்தை எட்டாக மடித்துக் காலுக்கு அடியில் வைத்தாள். கைகழுவப் போனவள் பூவாளிக் குழாயைத் திறந்துபார்த்தாள்; தண்ணீர் ஒருபக்கமாகச் சுவரில் அடித்தது. புருஷனின் சட்டைக் காலரில் எப்போதும் ஓர் ஊசி செருகியிருக்கும். அதை உருவிக்கொண்டு போய் அடைந்திருந்த துளைகளைக் குத்திவிட்டாள். அலமாரி இழுப்பறை மக்கர் பண்ணியது; சோப்பை ஓரத்தில் தேய்த்தாள், வழுக்கிக்கொண்டு வந்தது. பல்பு ஒன்று தளர்ந்திருந்தது. கடிகாரம் பத்து நிமிடம் பின்தங்கியிருந்தது. தொலைக்காட்சி ரிமோட்டில் பேட்டரி தலைகீழாக இருந்தது. கட்டிலுக்கு அடியில் எவனோ விட்டுப்போன ஒற்றைக் காலுறை. டீக்குக் கொண்டுவந்த எலுமிச்சைத் துண்டை, அறையில் வெந்நீருக்கென்று வைத்திருந்த மின்கெண்டிக்குள் தண்ணீரோடு போட்டுக் கொதிக்கவைத்தாள். உள்ளே படிந்திருந்த வெள்ளைப் படிவு விட்டுவிட்டது. நாற்காலி மேல் ஏறிக் கண்ணாடியின் உச்சியில் இருந்த கைரேகையைத் துடைத்தாள்.

“விருந்தாளியா வந்தவ இப்படியா ஏறி நிப்பா,” என்றார் தையல்காரர். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். திரைச்சீலையின் கீழ்மடிப்பு ஒரு சாண் பிரிந்து தொங்கியது. நெருங்கிப் பார்த்தார். நூல் நைந்து பிரியவில்லை, யாரோ பிளேடால் கீறியிருந்தார்கள். துணியைக்கூட இரண்டு இடத்தில் வெட்டியிருந்தார்கள். ஒரு தையல்காரரிடம் இதைவிடப் பெரிய வசவு சொல்லமுடியாது. ஊசியைத் திரும்ப வாங்கி, சட்டைப் பையிலிருந்த நூல்கண்டை எடுத்து, தரையில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்துவிட்டார்.

அலமாரியில் ஐந்து ஹேங்கர் இருக்கவேண்டிய இடத்தில் நாலுதான் இருந்தது. அந்த மாடியில் வேலைக்குச் சேர்ந்து நாலே மாதமான பெண்ணிடம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு மடிப்பக்கா திரும்பினாள். வந்த வேகத்தில் தன் அறைக் கதவையே மூன்று முறை தட்டி, “அறை சுத்தம் பண்ண வந்திருக்கோம்,” என்றாள்.

உள்ளேயிருந்து தையல்காரர், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “இப்ப வேண்டாம்மா, அப்புறம் வாங்க,” என்றார்.

நாத்தனாருக்கு டீ மூக்கில் ஏறியது.

சாயங்காலம் மழை வலுத்தது. ஜன்னல் சட்டத்தின் ரப்பர் கிழிந்திருந்த இடத்தில் தண்ணீர் கசிந்தது. அதற்கு அவளால் முடிந்தது, ஒரு துண்டை நீளமாக மடித்து அணை கட்டியதுதான். பிறகு சூப்பும் ரொட்டியும் வந்தன. சாப்பிட்டு முடித்து, பேனாவைத் திறந்து, தாளை முன்னால் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். எழுத எதுவும் இல்லை.

“இல்லைன்னா?” என்றாள் நாத்தனார். “மத்தியானத்துலேருந்து நீங்க பண்ணினதை வரிசையா எழுதுங்க. மேசை ஆடிச்சு. கெண்டி அழுக்கு. முடி. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க.”

“இப்ப மேசை ஆடுதா?”

“இப்ப ஆடலை.”

“ஆடாத மேசையை ஆடுதுன்னு எழுதினா அது பொய் இல்லையா? அதோட, நான் முடின்னு எழுதினா நாளைக்கு அந்த நாலு மாசப் பொண்ணைத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க. அது காலைல பதினாறு ரூம் பண்ணிட்டு வந்திருக்கு.”

“அண்ணி, அது போட்டி. நீங்க அந்தப் பொண்ணுக்குப் பாவம் பாத்தா உங்களுக்கு யாரு பாப்பா?”

மடிப்பக்கா புருஷனைப் பார்த்தாள். அவர் தைத்த மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தார். எழுது என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அண்ணன் கடையில் தனக்கென்று காலியாகக் கிடக்கும் இடம் அவர் கண்ணில் தெரிந்தது. தாளை அவள் நாலாக மடித்தாள். பிறகு, அது கொடுக்கவேண்டிய தாள் என்று நினைவு வந்து பிரித்து நீவிவிட்டாள். ராத்திரி மூவரும் நன்றாகத் தூங்கினார்கள். காலையில் எழுந்ததும் படுக்கையை அவளே விரித்துவிட்டாள். சுத்தம் செய்ய வந்த நாலு மாதப் பெண் உள்ளே நுழைந்து, செய்ய வேலை ஒன்றுமில்லாததைப் பார்த்து, ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று பயந்து நின்றாள்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு மேனேஜர் அறை. சர்டிபிகேட் இரண்டு தாள் கொடுத்திருந்தான், மொத்தம் நாற்பது குறை. துண்டுகளின் நிறம் மனத்துக்கு அமைதி தரவில்லை என்பதுகூட அதில் ஒன்று. மேனேஜர் தன்னிடமிருந்த ஒரு பட்டியலோடு ஒத்துப்பார்த்துப் பதினோரு இடத்தில் கோடு போட்டார். பிறகு மடிப்பக்காவின் தாளைத் திருப்பினார். மறுபக்கத்தையும் பார்த்தார்.

“ஒண்ணுகூடவா உங்க கண்ணுல படலை?”

“இருந்துச்சு மேடம். இப்ப இல்லை.”

மேனேஜருக்குக் கோபம் வந்தது. ஒவ்வோர் அறையிலும் பன்னிரண்டு குறையை அவரே சொல்லி வைக்கச் செய்திருந்தார்; வைத்தவர் ஹோட்டலின் ரிப்பேர் வேலைகளைப் பார்க்கும் ஸ்பேனர்காரர். நாற்பது வயது, அதிகம் பேசாதவர், இடுப்பில் எப்போதும் ஸ்பேனர் தொங்கும். 212-க்குப் போய்ப் பார்த்துவரச் சொல்லி அவரை அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் ஸ்பேனர்காரர் வெளிறிப்போய்த் திரும்பினார். பன்னிரண்டில் ஒன்றும் அங்கே இல்லை.

“வச்சீங்களா, இல்லையா?”

“என் கையாலதான் மேடம் வச்சேன்.”

“அப்ப முன்னாடியே யாருக்கோ சொல்லியிருக்கீங்க.”

மடிப்பக்காவுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. வைத்த குறைகள். தேடி எழுதுவதற்காக வைத்தவை. அதையெல்லாம் அவள் டீ ஆறுவதற்குள் சரிசெய்து வைத்திருக்கிறாள். நானேதான் செய்தேன் என்று சொன்னாள். அதை யார் நம்புவார்கள் என்று மேனேஜரின் புருவம் கேட்டது. சர்டிபிகேட் தன் தாள்களைத் தட்டி நேராக்கிக்கொண்டான். வரவேற்பில் உட்கார்ந்திருந்த அவள் வீட்டாரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

நாத்தனார் வாயைத் திறக்குமுன் மேனேஜர் கையமர்த்தி, தையல்காரரைக் கேட்டார். “நேத்து அந்த ரூம்ல ஏதாவது குறையைப் பாத்தீங்களா சார்?”

மடிப்பக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுவது மாதிரி ஆகிவிடும். கவனிக்கவில்லையே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாயங்காலமே மூட்டை கட்டலாம். அவர் பொய் சொல்லவேண்டியதுகூட இல்லை. சும்மா தோளைக் குலுக்கினாலே ஆயிற்று.

தையல்காரர் தொண்டையைச் செருமினார். “திரைச்சீலையை யாருங்க கீறினது?”

ஸ்பேனர்காரர் தயங்கிக் கையைத் தூக்கினார்.

“பிளேடாலயா? தையலைப் பிரிக்கணும்னா நூலை மட்டும் பிரிக்கணும். நீங்க துணியை வெட்டியிருக்கீங்க. நான்தான் தைச்சேன். போய்ப் பாருங்க, கீழ்மடிப்புல ஒரு சாண் தூரத்துக்கு மட்டும் நூல் நிறம் வேறயா இருக்கும். என்கிட்ட சாம்பல் நிறம் இல்லை, நீலம்தான் இருந்துச்சு.” மனைவி பக்கம் கையைக் காட்டினார். “மீதியெல்லாம் இவ பண்ணினா. மேசைக்கு அடியில காகிதம் இருக்கும். எட்டா மடிச்சிருக்கும். இந்த ஹோட்டல்ல எட்டா மடிக்கிற ஆளு வேற யாரும் இருந்தா சொல்லுங்க.”

“ஒத்தை சாக்ஸைக் கட்டிலுக்குக் கீழ நட்டநடுவுல வைக்கிறாங்களா யாராவது?” என்றாள் நாத்தனார் ஸ்பேனர்காரரிடம். “மூலைல எத்தி விடவேண்டாம்? கெடுக்கிறதையாவது ஒழுங்காக் கெடுக்கத் தெரியணும்.”

ஸ்பேனர்காரர் முதல்முறையாகச் சிரித்தார். இதை நாத்தனார் கவனித்தாள். தெருவும் பின்னால் கவனித்தது.

மேனேஜர் எழுந்து தானே 212-க்குப் போய், திரும்பி வந்து உட்கார்ந்தார். கோபம் போயிருந்தது, ஆனால் விடவில்லை. “சரி, செஞ்சிருக்கீங்க. ஆனா ஹெட் வேலை அது இல்லையே. நாலு மாடி, நூத்துச் சொச்சம் ரூம். ஒவ்வொண்ணுலயும் நீங்களே போய் ஸ்க்ரூ முடுக்குவீங்களா? கண்டுபிடிச்சு, எழுதி, மத்தவங்களைச் செய்ய வைக்கணும். அவர் நாற்பது எழுதியிருக்காரு.”

“எழுதச் சொன்னா நானும் எழுதறேன் மேடம்,” என்றாள் மடிப்பக்கா. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “அவர் எழுதின நாற்பதுல நாலை அவரையே சரிபண்ணச் சொல்லிப் பாருங்க. மத்தவங்களைச் செய்ய வைக்கணும்கிறீங்க. வைப்பேன். சொல்றதுக்கு ஆள் குடுத்தாத்தானே சொல்ல முடியும்? பத்தொன்பது வருஷமா எனக்கு ஸ்க்ரூவை மட்டும்தானே குடுத்தீங்க.”

மேனேஜர் தன் பட்டியலைப் பார்த்தார்.

“பன்னிரண்டும் பாத்தீங்களா?”

“பதிமூணு. ஜன்னல் ரப்பர் கிழிஞ்சிருக்கு. மழைத் தண்ணி உள்ள வருது.”

“அது நாங்க வச்சது இல்லையே.”

“அதான் மேடம் சொல்றேன்.”

ஆறு மாதம் பார்க்கலாம் என்றார் மேனேஜர். தினம் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும் என்பது நிபந்தனை. முதல் பக்கத்தை அவள் அங்கேயே நின்றபடி எழுதினாள். 212 ஜன்னலில் துண்டு மடித்து வைத்திருக்கிறேன், ரப்பர் மாற்றும்வரை யாரும் எடுக்கவேண்டாம், என்று இரண்டே வரி.

திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. நாத்தனார் முன்னால் வேகமாகப் போய்விட்டாள். தெருவுக்கு முதலில் சொல்வது யார் என்பது அவளுக்கு முக்கியம். பின்னால் இருவரும் தேங்கிய நீரைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள்.

“தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே,” என்றாள் அவள்.

“எப்படிச் சொல்றது? என் தையலை எவனோ போட்டதுன்னு விட்டுட்டு வரவா?”

“அவ்வளவுதானா?”

“வேற என்ன வேணும் உனக்கு?” என்றார். நாலடி நடந்து, “நீ அந்தக் குழாயைக் குத்தினபோது பாத்துட்டிருந்தேன். ஊசியை வளைக்காம எடுத்த,” என்றார். அவர் வாயிலிருந்து இதற்குமேல் வராது என்று அவளுக்குத் தெரியும். குடையை வாங்கி, தண்ணீரை உதறி, ஒவ்வொரு மடிப்பாகச் சுற்றிக் கட்டினாள். “உங்க அண்ணனுக்கு நானே போன் பண்ணவா?”

“வேண்டாம். திட்டு எனக்குத்தான் சேரணும்.”

சேர்ந்தது. அண்ணன் ஒன்றரை வருடம் பேசவில்லை. காலியாக வைத்திருந்த இடத்தில் செருப்பு அடுக்கிவிட்டார் என்று கேள்வி.

ஆறு மாதம் பதினோரு வருடமானது. அதற்குள் அந்த மேனேஜர் போய், அவருக்குப் பின் வந்த இரண்டு பேரும் போனார்கள், மடிப்பக்கா இருந்தாள். எடுத்துவிட்ட மூன்றாம் மாடி மேற்பார்வைப் பதவி திரும்ப வந்தது; நாலு மாதப் பெண்தான் இப்போது அதில். ஹோட்டலின் திரைச்சீலை, சீருடை எல்லாம் தையல்காரரிடம் வந்தன. அதற்குக் காரணம் தன் தொழில்தான் என்று அவரும், அண்ணிதான் என்று நாத்தனாரும் இன்றுவரை வாதாடுகிறார்கள். சர்டிபிகேட் வேறு ஊரில் இதைவிட நாலு மடங்கு பெரிய ஹோட்டலுக்குப் போனான். அங்கே ஒரு நாளைக்கு எண்பது குறை எழுதுகிறானாம். நன்றாகவே இருக்கிறான்.

நாத்தனாருக்கும் ஸ்பேனர்காரருக்கும் அந்தத் தேர்வு முடிந்த எட்டாம் மாதமே கல்யாணம் நடந்தது. வீட்டில் எதையும் கெடுக்கவிடாமல் அவரைப் பார்த்துக்கொள்வதாக அவள் சொல்கிறாள். அவரைக் கேட்டால் சிரிக்கிறார்.

முதலாளிகள் ஏரிக்கரை ஊரில் இரண்டாவது ஹோட்டல் கட்டியபோது, அதை ஆரம்பித்து நடத்த மடிப்பக்காவைத்தான் அனுப்பினார்கள். தையல்காரர் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு கூடவே போனார். அங்கே போய்ச் சேர்ந்த இரண்டாம் மாதம் அண்ணன், தம்பி எப்படி இருக்கிறான் என்று சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று அந்த ஊருக்கு வந்தார். வீட்டில் இடம் இல்லை என்று தம்பி மனைவி ஹோட்டலில் ஏரி பார்த்த அறை ஒன்றைக் கொடுத்தாள். மூன்று நாள் என்று வந்த மனுஷர், எட்டாம் நாள் தன் ஊர் வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்ட பிறகுதான் பெட்டியைப் பூட்டினார்.